எறும்பு பண்ணின போன்

"மேடம், இவ அம்மாவுக்குப் போன் பண்ணணும். இப்பவே."

வேலையில் சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தார்கள். என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. சம்பளம் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். விடுப்பு கேட்கலாம். பெரியவர்கள் உட்காரும் அளவில் ஒரு நாற்காலிகூடக் கேட்கலாம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை எந்தக் குழந்தையின் வீட்டுக்கும் போன் பண்ணச் சொல்லிக் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். அதுவும் வெளியிலிருந்து வந்த மூன்று பேர் முன்னால், மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு.

ஏன் கேட்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி பாவனை வழியாகக் கற்பிக்கும் பள்ளி. குழந்தைகள் கடைக்காரராகவும் டாக்டராகவும் பஸ் ஓட்டுநராகவும் விளையாடி, அந்த விளையாட்டிலேயே எண்ணவும் பேசவும் விட்டுக்கொடுக்கவும் கற்பார்கள். இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். சோப்பு டப்பாவைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அதற்கு யாரும் அறிக்கை எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே எழுதினார்கள். குழந்தை ஒரு பாத்திரமாக விளையாட வேண்டுமென்றால் மூன்று நாள் முன்பே பாவனைத் திட்டம் போட வேண்டும். அதில் பாத்திரத்தின் பெயர், பாவனை தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கற்றல் விளைவின் எண் எல்லாம் இருக்க வேண்டும். விளைவுகள் மொத்தம் நாற்பத்திரண்டு. சுவரில் அட்டையாக மாட்டியிருக்கும். பாத்திரங்கள் ஒன்பது. அந்த ஒன்பதுக்குள் நாய் கிடையாது.

இது எனக்கு முதல் வாரமே தெரிய வந்தது. கீழே விழுந்து முன்பல் இரண்டும் போன மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். எல்லோரும் பல்லு என்று கூப்பிடுவோம். அவன் ஒரு நாள் காலையில் நாய் ஆகிவிட்டான். நான்கு காலில் நடந்தான், என் செருப்பை மோந்து பார்த்தான், பெரிய மேடத்தைப் பார்த்துக் குரைத்தான். பெரிய மேடம் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை. அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட மாட்டார். கீழே குனிந்து, அவன் கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்து, "கண்ணா, நீ நாய் இல்ல. நாயை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்த வாடிக்கையாளர். சரியா?" என்றார். பல்லு கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப நாய் எங்க?" என்று கேட்டான். "வெளிய கட்டிப் போட்டிருக்கு," என்றார் மேடம். அன்று முழுக்க அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

இன்னொன்று, பாவனைச் சமையலறை. சின்ன அடுப்பு, சின்னப் பாத்திரம், மரத்தில் செய்த காய்கறி, எல்லாம் அச்சு அசலாக இருக்கும். குழந்தைகள் தொட்டால் அழுக்காகிவிடும் என்று அதைக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். குழந்தைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே சமைப்பது மாதிரி பாவனை செய்வார்கள். இதைப் பெரிய மேடம் இரண்டாம் நிலைப் பாவனை என்பார். "மத்த பள்ளியெல்லாம் இன்னும் முதல் நிலையிலயே நிக்குது," என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது?

போன் விஷயமும் இந்த வகைதான். போன் அடித்தால் குழந்தைகளின் கற்பனை உலகம் கலைந்துவிடுமாம். அதனால் ஆசிரியர்களின் போன்களைக் காலையில் வாங்கி, மேடத்தின் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பெற்றோரின் எண்கள் இருக்கும் கோப்பும் அதே அலமாரியில்தான். சாவி மேடத்திடம். மேடத்தின் போன் மட்டும் அடிக்கும். அது எந்த உலகத்தையும் கலைத்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் தெரிந்தும் ஏன் இருந்தாய் என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிய மேடத்தைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இப்போது வாய் கசக்கிறது.

நேர்காணலில் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "வீட்டுல நீதான் முதல் பட்டதாரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பா?" என்றார். மூட்டை தூக்குகிறார் என்றேன். இந்தப் பதிலுக்கு வழக்கமாக வரும் அந்தச் சின்ன மௌனம் வரவில்லை. "எங்கப்பாவும் அதேதான்மா. சரக்குக் கிடங்குல. நானும் உன்ன மாதிரி வீட்டுல இருந்து வந்தவதான்," என்றார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து நீல அட்டை போட்ட கெட்டிக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இங்க உனக்கு ஒரே வேலைதான். குழந்தைங்களைப் பாரு. பார்த்ததை எழுது. மணி போட்டு எழுது. யாருக்காகவும் ஒரு வரி மாத்தாதே. நானே சொன்னாலும் மாத்தாதே."

நானே சொன்னாலும். அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டே வீடு வந்தேன். அப்பா குறிப்பேட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். அவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார். "கனமாத்தான் இருக்கு," என்றார்.

இரண்டு வருடம் எழுதினேன். மாற்றாமல் எழுதினேன்.

மடியில் இருந்த குழந்தையின் கதைக்கு வருகிறேன். அவளை எல்லோரும் எறும்பு என்போம். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். ஏதாவது ஒன்றைத் தூக்கி இன்னொரு இடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருப்பாள். எதற்கு என்று கேட்டால், "அங்க வேணும் மிஸ்," என்பாள். அவள் அம்மா தையல் தொழிற்சாலையில் காலர் வைக்கிற பிரிவில் வேலை செய்பவர். மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அதற்குள் ஓடி வந்து பிள்ளையைக் கூட்டிப்போய்த் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு மறுபடி ஓட வேண்டும். அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்குத் தரக்குழு வந்தது. மூன்று பேர். தலைவர், கையில் பலகைக் கணினியோடு ஒரு அம்மாள், தலையை மட்டும் ஆட்டுகிற ஒருவர். அவர்களுக்குத் திருப்தி என்றால் 'முன்மாதிரிப் பாவனைப் பள்ளி' என்ற பலகை கிடைக்கும். பலகை வருவதற்கு முன்பே வாசலில் ஆணி அடித்தாகிவிட்டது. சமையலறைக் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்தார்கள். குழந்தைகள் பழக்கதோஷத்தில் வெளியிலேயே நின்று சமைத்தார்கள். உள்ளே தள்ளிவிட வேண்டியிருந்தது.

பஸ் பாவனைக்குப் பத்து நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டிருந்தோம். ஒன்பது நாற்பதுக்குப் பெரிய மேடம் வந்து பார்த்தார். "தரையில இருந்தா பின்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியாது. தூக்கி மேஜை மேல வைங்க," என்றார்.

"விழுந்துடுவாங்க மேடம்," என்றேன்.

"பஸ்ஸு உயரமாத்தானே இருக்கும்?"

மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் நாற்காலிகளை ஏற்றினோம். நான் எழுதினேன்: '9.40. பஸ் மேஜை மீது ஏற்றப்பட்டது. விழுவார்கள் என்றேன். மேடம்: பஸ் உயரமாகத்தானே இருக்கும்.'

பத்து ஐந்துக்குக் குழு உள்ளே நுழைந்தது. அதே சமயம் மேஜை மேல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எறும்பு, ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டிய எதையோ தூக்கிக்கொண்டு எழுந்தாள். விழுந்தாள். நாற்காலியும் அவள் மேலேயே விழுந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். இடது கை சரியாக இல்லை. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் கை எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியும்.

பெரிய மேடம் சிரித்த முகம் மாறாமல் என் காதருகே வந்தார். "ஆஸ்பத்திரி மூலைக்குக் கொண்டு போ. தொடர்ச்சி அழகா இருக்கும்."

அங்கே பல்லு டாக்டராக இருந்தான். அந்த வாரத் திட்டப்படி அவனுக்கு அதுதான் வேஷம். பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப்பை எறும்பின் கையில் வைத்தான். எடுத்தான். இன்னொரு தரம் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், இது நெஜமாவே வீங்கியிருக்கு," என்றான். அன்று அந்தக் கட்டிடத்தில் சொல்லப்பட்ட ஒரே சரியான நோயறிதல் அதுதான்.

குழுத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "'நெஜமாவே'ன்னு சொல்றான் பாருங்க! எவ்வளவு ஊறிப்போயிருக்கான்!"

"அந்தப் பொண்ணு அழுறது அதைவிட இயல்பா இருக்கு சார்," என்றார் கணினி அம்மாள்.

"அழுகைக்குத் தனிப் பயிற்சி கொடுக்கறோம்," என்றார் பெரிய மேடம். "பதினேழாவது விளைவு. வலியை வார்த்தையால வெளிப்படுத்துறது. ஆரம்பத்துல எல்லாக் குழந்தையும் பொய்யாத்தான் அழும். நல்ல பள்ளியில நாலஞ்சு மாசத்துல உண்மையா அழ ஆரம்பிச்சிடும்."

மூன்றாமவர் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்று. மணி பத்து இருபது. பெரிய மேடம் என்னைப் பார்த்தார். பிறகு பொம்மை அலமாரியிலிருந்து, சிவப்புச் சாயம் பூசிய மரப் போனை எடுத்து வந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"தாராளமா பண்ணும்மா," என்றார்.

நான் அதை வாங்கினேன். தூக்கி எறியவில்லை, கத்தவில்லை. இரண்டு வருட மரியாதை கையில் இருந்தது, வாங்கிவிட்டேன். எறும்பு அதை என்னிடமிருந்து நல்ல கையால் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா. கை வலிக்குது. வா."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். உம் கொட்டினாள். பிறகு போனை என் மடியில் வைத்துவிட்டு, "வராங்களாம் மிஸ்," என்றாள். அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

கணினி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு இருபத்து மூன்றாவது விளைவில் ஒரு குறி போட்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். கேட் பூட்டியிருந்தது. "விருந்தாளிங்க உள்ள இருக்கறப்ப மேடம் சொல்லாம திறந்தா என் வேலை போயிடும்மா," என்றார் வாட்ச்மேன். "உங்க போனைக் கொடுங்க," என்றேன். கொடுத்தார். யாருக்குப் போடுவது? அம்மாவின் எண் அலமாரியில். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. போன் என்றால் அம்மாவுக்கு என்பதிலேயே புத்தி நின்றுவிட்டது. இதை என் கணக்கில்தான் எழுத வேண்டும். எழுதினேன்.

எறும்பு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம். கைக்கு என் துப்பட்டாவைக் கட்டியிருந்தேன். ஈரத் துணி வைத்தேன். "வந்துட்டே இருக்காங்க," என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

பன்னிரண்டரைக்கு அம்மா வழக்கம்போல ஓடி வந்தார். மகளைப் பார்த்ததும் நின்றார். எறும்புக்கு அதுவரை அடக்கி வைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

"போன் பண்ணி எவ்ளோ நேரமாச்சு? ஏம்மா லேட்டு?"

அம்மாவுக்குப் புரியவில்லை. தன் போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எனக்கு எந்தப் போனும் வரலையேடி," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் இன்னும் அந்தச் சிவப்பு மரக்கட்டை இருந்தது.

முழங்கையில் எலும்பு உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பள்ளியில் விழுந்தாள் என்றார் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்குக் கேட்டு எழுதினார்கள். பள்ளி பதில் போட்டது. குழந்தை காலையில் வரும்போதே கை வீங்கித்தான் வந்தது என்றும், பள்ளி அதைக் கனிவோடு கவனித்துத் தன் ஆஸ்பத்திரி மூலையில் உடனடி முதலுதவி செய்தது என்றும், தாய்க்குத் தகவல் சொல்ல எடுத்த முயற்சியைத் தரக்குழுவினர் மூவரும் நேரில் கண்டார்கள் என்றும். கடைசி வரியில் பொய் இல்லை. கண்டார்கள்தான்.

அந்தக் கடிதம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போயிற்று. அடுத்த வாரம் எறும்பின் அம்மாவை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். கடிதத்தில் இருப்பதே உண்மை என்று ஆகிவிட்டால், அந்தப் பிள்ளையை இந்த அம்மாவிடம் விட்டுவைக்கலாமா என்பதை முன்பின் தெரியாத ஒருவர் முடிவு செய்வார். வெள்ளிக்கிழமை பெரிய மேடத்தைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார் அந்த அம்மா. பெரிய மேடம் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "மிஸ், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

உள்ளே போய் மேடத்தின் கதவைத் தட்டினேன்.

"உக்காரும்மா," என்றார். பெரியவர்கள் உட்காரும் நாற்காலி. இரண்டு வருடத்தில் முதல் தடவை. மேஜையில் இரண்டு காகிதங்கள் தயாராக இருந்தன. ஒன்று என் வாக்குமூலம்: 'காலை 8.45 மணிக்கு வாசலிலேயே குழந்தையின் கை வீங்கியிருப்பதைப் பார்த்தேன்.' இன்னொன்று என் பணி நிரந்தர ஆணை.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, நானே சொன்னாலும் மாத்தாதேன்னு."

"மாத்தச் சொல்லலையே? குறிப்பேடு ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும்னுதான் சொல்றேன். திங்கக்கிழமை கொண்டு வந்து கொடுத்துடு." தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லலம்மா. பொய்யின்னா அடுத்தவங்களை ஏமாத்துறது. பாவனைன்னா எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கறது. நான் ஒத்துக்கறேன், குழு ஒத்துக்குது, நீயும் ஒத்துக்கிட்டா முடிஞ்சுது."

"எறும்போட அம்மா ஒத்துக்கலையே மேடம்."

"அவங்களுக்குப் பயிற்சி பத்தலை," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

வீட்டில் சொன்னேன். "நிரந்தரமாமா?" என்று அம்மா கேட்டார். நிரந்தரம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை. அப்பா குறிப்பேட்டை எடுத்து மறுபடி கையில் வைத்து எடை பார்த்தார். "அன்னிக்கைவிடக் கனமாயிருக்கு," என்றார். இரண்டு வருட மை அதில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

நல அலுவலக விசாரணைக்கு முன்பே, திங்கட்கிழமை தரக்குழு தன் விசாரணையைப் பள்ளியின் பாவனை அறையிலேயே நடத்தியது. குற்றம் கண்டுபிடிப்பது நோக்கம் இல்லை என்றும், பள்ளியின் முறைப்படி நடித்துப் பார்த்தே உண்மையைப் புரிந்துகொள்ளப் போவதாகவும் குழுத் தலைவர் சொன்னார். எல்லோரும் குழந்தைகளின் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முழங்கால் தாடையை இடித்தது. வேஷங்களைப் பிரித்தார்கள். குழந்தை வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்று தலைவர் அடம்பிடித்தார். "எத்தனை வருஷமாச்சு குழந்தையா இருந்து!" கணினி அம்மாள் தலைமை ஆசிரியை ஆனார். தலையாட்டுகிறவர் டாக்டர்.

"தாய் வேஷம் நானே பண்றேன்," என்றார் பெரிய மேடம். "அந்த அம்மா நிலைமை எனக்குத்தான் புரியும்."

கைக்கடிகாரத்தைக் கழற்றினார். முதுகைக் கொஞ்சம் வளைத்தார். குரலை இரண்டு படி இறக்கினார். ஏழையாக மாற அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. பழைய பழக்கம்தானே.

"ஐயா, வேலைக்கு நேரமாயிடுச்சுங்க," என்று தொடங்கினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "பிள்ளை அடம்புடிச்சுது. நான்தாங்க கையைப் புடிச்சு இழுத்துட்டேன். எனக்கு என்னங்க தெரியும், படிக்காதவ."

"தாய் ஒப்புக்கொண்டார்," என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார் கணினி அம்மாள்.

"அது தாய் இல்ல. மேடம்," என்றேன்.

"இந்தப் பாவனையில மேடம்தானே தாய்?"

"நெஜ அம்மா வெளிய கேட் பக்கத்துலதான் நிக்கிறாங்க. கூப்பிட்டா வந்துடுவாங்க."

ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால், மாவுக்கட்டு போட்ட எறும்பைப் பிடித்திருந்தார். இன்னொரு கை கக்கத்தில் எதையோ இறுக்கி வைத்திருந்தது.

"ஏற்கனவே ஒரு தாய் இருக்காங்களே," என்றார் குழுத் தலைவர், தரையில் சம்மணமிட்டபடி. "ரெண்டு தாய் இருந்தா குழந்தை குழம்பிடும். நான் குழம்பிடுவேன்."

"அவங்க உணர்ச்சிவசப்படுவாங்க சார்," என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாவனை கலைஞ்சிடும்."

மூன்றாமவர் தலையாட்டினார்.

"சரி, அடுத்தது துணை ஆசிரியை," என்றார் தலைவர். "அது யார் வேஷம்?"

"அவளுக்கு அவ வேஷம்தான் சார்," என்றார் மேடம். வாக்குமூலத்தையும் நிரந்தர ஆணையையும் என் முன்னாலிருந்த குட்டி மேஜையில் வைத்தார். மேலே பேனாவையும் வைத்தார். "அதுல இருக்கறதைப் படிச்சா போதும்மா."

நான் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் குறிப்பேடு எனக்கு மனப்பாடம்.

"ஒன்பது நாப்பது. பஸ்ஸைத் தூக்கி மேஜை மேல வைக்கச் சொன்னீங்க. விழுந்துடுவாங்கன்னேன். பஸ்ஸு உயரமாத்தானே இருக்கும்னீங்க. பத்து அஞ்சு. விழுந்தா. ஆஸ்பத்திரி மூலைக்குக் கொண்டு போகச் சொன்னீங்க, தொடர்ச்சி அழகா இருக்கும்னு. பத்து இருபது. அம்மாவுக்குப் போன் கேட்டேன். மரப் போன் கொடுத்தீங்க. நான் வாங்கிக்கிட்டேன். அந்தக் குழந்தை ரெண்டு மணி நேரம் வாசலைப் பார்த்துட்டே இருந்தா, மேடம். அவ அம்மா வரேன்னு சொன்னதா நம்பிக்கிட்டு."

தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "இது பிரதியில இல்லையே?"

"சொந்தமா சேர்க்கிறா சார்," என்றார் மேடம். "கற்பனை வளம் உள்ள பொண்ணு. நான்தான் வேலைக்கு எடுத்தேன்."

"கோபம் நல்லா வருது," என்றார் கணினி அம்மாள் பாராட்டாக.

நான் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது, இடுப்பில் மாட்டிக்கொண்டது. கழற்றி வைத்தேன். நிரந்தர ஆணையை மடிக்காமல், கிழிக்காமல், அதன் மேல் சிவப்பு மரப் போனை எடுத்து வைத்தேன், காற்றில் பறந்துவிடாமல் இருக்க. வேறு யாராவது பெண் வருவாள். அவள் வீட்டிலும் அவளே முதல் பட்டதாரியாக இருப்பாள்.

பெரிய மேடம் முதுகை நிமிர்த்தினார். தாய் போய்விட்டார். "குறிப்பேடு எங்க?" என்றார். அது அவருடைய சொந்தக் குரல். நான் அதை முதல் தடவையாகக் கேட்டேன்.

"காலையில எட்டரைக்கே கொடுத்துட்டேன் மேடம். அவ அம்மாகிட்ட. வெளிய நிக்கிற அம்மாகிட்ட. இங்க முடிஞ்சதும் நல அலுவலகத்துக்குப் போறோம். நானும் கூடப் போறேன்."

தலைவர் தரையிலிருந்தபடியே கைதட்டினார். "பிரமாதம்! அந்த 'வெளிய நிக்கிற அம்மா'ங்கிற இடம் இருக்கே!" கணினி அம்மாளும் தட்டினார். மேடம் மட்டும் தட்டவில்லை.

அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று அட்டையில் செய்தது, கைப்பிடி வரைந்தது. இன்னொன்று மரக்கதவு. நான் மரக்கதவைத் திறந்தேன்.

"இப்படி எழுந்து போறதை எந்த விளைவுல போடறது?" என்று கேட்டார் கணினி அம்மாள்.

மூன்றாமவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "முப்பத்தொன்பது."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். குறிப்பேடு இல்லாததால் லேசாக இருந்தது. கேட்டுக்கு வெளியே எறும்பு என்னைப் பார்த்துவிட்டு நல்ல கையை ஆட்டினாள். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தார், மேடத்தின் ஜன்னலைப் பார்த்தார், பூட்டைத் திறந்தார். பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.